அந்தப் பாட்டில் தண்ணி என்னாச்சு?

கீரனூர் என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூரைத்தான் நினைக்கிறார்கள். நம்முடையது பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கிற கீரனூர், திண்டுக்கல் மாவட்டம். இதைப் பழைய வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வருகிற யாராவது வழி தவறிவிடக் கூடாதே என்று சொல்லி வைக்கிறேன்.

இந்த வாரம் காரைக்கால் நினைவுகளின் அடுத்த பகுதியை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இப்போது எனக்குக் கோபம் வந்திருக்கிறது. எழுபத்தைந்தை நெருங்குகிறவனுக்குக் கோபம் நல்லதல்ல என்று டாக்டர் சொல்கிறார். எழுதி இறக்கி வைத்துவிட்டால் ரத்த அழுத்தம் குறையும் என்று என் வைத்தியம் சொல்கிறது.

போன வாரம் பேரன் கைப்பேசியில் ஒரு செய்திப் படத்தைக் காட்டினான். ஒரு கல்வி நிறுவனமும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் "நீடித்த நிலையான வளர்ச்சி"க்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. மேடையில் ஒன்பது பேர். கையில் நீலநிறக் கோப்புகள், தோளில் பொன்னாடைகள், நடுவில் ஒரு பூங்கொத்து. பின்னால் ஒரு பதாகை. அந்தப் பதாகையின் ஓரத்தில் ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். "தாத்தா, இது நம்ம பெரியக்கா பாட்டி இல்ல?" என்றான் பேரன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவரேதான். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலுடன்.

அந்தப் பாட்டிலின் கதையைச் சொல்லாமல் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

சில வருடங்களுக்கு முன் என் தாய்மாமன் வழி நிலம் இருக்கிற ஊராட்சிக்குக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் பேருந்தில் வந்து இறங்கினார்கள். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். நல்ல பிள்ளைகள். கையில் வீட்டுக்கு ஒன்றாகக் கணக்கெடுப்புப் படிவம். படிவம் முழுவதும் இங்கிலீஷ். "ஐயா, இந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறதுங்க?" என்று ஒரு பெண் என்னிடம் வந்தாள். அன்று முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கழிப்பறை உண்டா, எரிவாயு உண்டா, பட்டா யார் பெயரில், எத்தனை ஆடு, எத்தனை மாடு, குடிதண்ணீர் எங்கிருந்து, அதன் தரம் எப்படி.

தரம் என்ற கேள்விக்குப் பெரியக்கா வாயால் பதில் சொல்லவில்லை. (அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. எனக்கு அக்கா, ஊருக்கெல்லாம் பெரியக்கா.) அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துப் போய், ஒரு வாளி இறைத்து, "குடிச்சுப் பாரு கண்ணு" என்றார். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு பையிலிருந்த பாட்டிலைக் காலி செய்து, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மேலே பேனாவால் எதையோ எழுதி, "பாட்டி, இதை லேப்ல குடுத்து என்னன்னு சொல்றேன்" என்றாள். அப்போது எடுத்த படம்தான் அது. அவர்கள் மாலை பேருந்தில் போனார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை.

பெரியக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஏந் தம்பி, அந்தப் பாட்டில் தண்ணி என்னாச்சு?"

நான் முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன். ஒரு தபால் வந்தால் அதற்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு அனுப்புகைத் தேதி என்று வாழ்ந்தவன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டு போட்டேன். அதற்கும் இல்லை. இரண்டாவது நினைவூட்டுக்கு, "கணக்கெடுப்பு விவரங்கள் உரிய அமைப்புக்கு இணையவழியில் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டன" என்று இரண்டு வரி வந்தது. யார் அந்த உரிய அமைப்பு? கிணற்றுக்குச் சொந்தக்காரி உரியவள் இல்லையா?

சமர்ப்பித்துவிட்டார்கள், சரி. பெரியக்காவின் வீடு ஒரு வரிசையாகவும் அவர் கிணறு ஒரு கட்டமாகவும் எங்கோ ஒரு கணினியில் இருக்கும். இப்போது பதாகையிலும் ஏறிவிட்டார். அங்கே அவர் "பங்குதாரர்". பங்கு என்றால் நமக்குத் தெரியும். வாரத்துக்கு நிலம் விட்டால்கூடக் களத்தில் நெல் அளந்து கொடுத்தாக வேண்டும்.

என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சில் என்பது உங்களுக்குத் தெரியும். காரைக்காலில் 1954-க்குப் பிறகும் சில வகுப்புகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. அப்பா போன பிறகு அம்மாவின் ஊரான இங்கே வந்து, தமிழில் தேர்வெழுதி, வேலைக்குப் போனேன். அந்தப் பழைய படிப்பு இப்போது எதற்கும் உதவுவதில்லை, சொற்களைப் பற்றி யோசிக்க மட்டும் உதவுகிறது. இங்கிலீஷ்காரர்கள் சஸ்டெயினபிள் என்கிறதைப் பிரெஞ்சுக்காரர்கள் "துராப்ள்" என்று சொல்லிவிட்டார்கள். தேவ்லோப்மான் துராப்ள். துராப்ள் என்றால் உழைக்கிறது, நாள்பட நிற்கிறது. செருப்புக்கும் சொல்லலாம், கதவுக்கும் சொல்லலாம். நாம் நீடித்த என்றும் நிலையான என்றும் இரண்டையும் சேர்த்து நீடித்த நிலையான என்றும் போட்டுப் பார்த்தோம். இலங்கைக்காரர்கள் பேண்தகு என்றார்கள், அதுவும் அழகுதான். ஆனால் எனக்கு அந்தச் செருப்புக்கடைச் சொல்தான் பிடிக்கிறது. வாங்கும்போது ஒரே கேள்வி: எத்தனை நாள் உழைக்கும்?

அலுவலகத்தில் கோப்பு முடிக்கும்போது நாங்களும் இதே கேள்வியைத்தான் கேட்போம். ஓ.மு. என்று போட்டால் ஓராண்டு வைத்திருந்து கழித்துவிடலாம். ப.மு. என்றால் பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம், கறையான் தின்றால்தான் உண்டு. (பழைய ஆட்கள் எல்.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பார்கள்.) இந்தப் பல்கலைக்கழக ஒப்பந்தங்களை என் மேசையில் வைத்தால் பெரும்பாலானவற்றுக்கு நான் ஓ.மு. போட்டிருப்பேன். மேடையில் மட்டும் அவற்றை நி.மு. போலப் பேசுகிறார்கள்.

ஏன் இத்தனை ஒப்பந்தம் என்று விசாரித்துப் பார்த்தேன். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் அமைப்பு 1994-இல் வந்தது. அதன் மதிப்பீட்டில் எத்தனை ஒப்பந்தம் செயல்பாட்டில் இருக்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் 17 இலக்குகளை அறிவித்தது. பதினேழாவது இலக்கே "கூட்டாண்மை"தான். லண்டனிலிருந்து உலகப் பல்கலைக்கழகங்களுக்கு வரிசை போடுகிற டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் பத்திரிகை 2019-இல் இந்த இலக்குகளை வைத்தே ஒரு தனிவரிசை தொடங்கியது. மற்ற இலக்குகளில் பிடித்ததைக் கொடுக்கலாம். மொத்த வரிசையில் இடம் வேண்டுமென்றால் பதினேழாவதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே கூட்டாளி வேண்டும், கூட்டாளியோடு படம் வேண்டும். பரீட்சையில் எதற்கு மார்க் உண்டோ அதைத்தான் பையன் படிப்பான். பையனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பெரியக்காவுக்குப் பதில் சொன்னால் இத்தனை மார்க் என்று யாரும் கேள்வித்தாளில் போடவில்லை.

மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் 2014-இல் தொடங்கியது. டெல்லி ஐ.ஐ.டி. தலைமை ஒருங்கிணைப்பு. சேருகிற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் "தத்தெடுக்க" வேண்டும். நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தத்தெடுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே வருவாய்த்துறைக்காரனுக்குக் கை நடுங்கும். தத்து எடுத்தால் சொத்தில் பாத்தியதை உண்டு. வாரிசுச் சான்றில் பெயர் ஏறும். தத்துப்பிள்ளைக்குச் சோறு போடாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும். அதுவும் எங்கள் பக்கத்து ஊராட்சிகள் என்ன அநாதையா? தலைவர் பதவி இருக்கிறது, வார்டு உறுப்பினர் பதவிகள் இருக்கின்றன, வருடத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. ஒப்பந்தம் போட அங்கே கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் உண்டு.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், இதைப் படித்தால் சண்டைக்கு வருவார். "உமக்கு என்ன தெரியும்? ஒப்பந்தம் இல்லாமல் பணம் வராது, கருவி வராது, பையன்கள் வெளிநாடு போய்ப் படிக்க முடியாது" என்பார். உண்மைதான். பெரிய காரியங்களைத் தனியாகச் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இரண்டு அரசாங்கங்களின் உடன்படிக்கையில் 1955-இல் வந்தது. இன்னும் நிற்கிறது. தென்னிந்தியாவின் காடுகளை வரைபடமாக்கியவர்கள் அவர்கள். அது துராப்ள். நான் ஒப்பந்தத்தையே வேண்டாம் என்கிறவன் அல்ல. அதில் யாருடைய கையெழுத்து இல்லை என்று கேட்கிறவன்.

பல்கலைக்கழகமும் ஊரும் உண்மையாகக் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அதைத் திண்டுக்கல்காரர்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோல் ஷாப்புகளைச் சொல்கிறேன். பேகம்பூர் பக்கமாகப் பேருந்தில் போனால் ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பழைய காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். முதல் கழுவலிலேயே அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கும். அது ஓடைக்கும் குளத்துக்கும் போய், நிலத்துக்குள் இறங்கி, கிணற்றில் ஏறும். தொழிலில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பிழைத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கொடகனாற்றுப் பக்கத்துச் சம்சாரிக்குக் கிணறுதான் பிழைப்பு.

வேலூர்ப் பக்கத்துக் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அது வேலூர் வழக்கு என்றே பெயர் பெற்றாலும் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் சேர்த்துத்தான். நம் மாவட்டம் அதில் "திண்டுக்கல் அண்ணா" என்று பழைய பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்பதும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. நார்வே நாட்டு அம்மையார் புருண்ட்லாண்ட் தலைமையில் 1987-இல் வந்த அறிக்கையிலிருந்து நீடித்த வளர்ச்சி என்ற கருத்தை எடுத்து இந்தியச் சட்டத்துக்குள் உட்கார வைத்ததும் அதுதான். இன்று மேடைதோறும் முழங்குகிற சொல் நம் ஊர்த் தோல் தண்ணீரைத் தாண்டித்தான் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது சட்டமல்ல, கணக்கு. இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் அரைகுறையாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று அது சொன்னது. இன்னொன்று நம்முடையது. ஒரு தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் கிணறு கிணறாகப் போய் எண்ணியது. மொத்தம் 467 கிணறு. கெட்டுப்போனது 350. (தீர்ப்பின் பிரதிகளில் ரெட்டியார்சத்திரம் "பெட்டியார் சத்திரம்" என்று அச்சாகியிருக்கிறது. எழுத்தனாக இருந்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா?)

கவனியுங்கள். அங்கேயும் யாரோ படிவத்தோடு வீடு வீடாக வந்துதான் இருப்பார்கள். அங்கேயும் ஒரு கிழவி வாளியில் இறைத்துக் கொடுத்திருப்பாள். ஆனால் அந்த எண் எங்கோ சமர்ப்பிக்கப்பட்டு உறங்கவில்லை. டெல்லிக்குப் போய் நீதிபதியின் முன்னால் நின்று சாட்சி சொன்னது. ஒரு பல்கலைக்கழக மையம், ஒரு தொண்டு அமைப்பு, வேலூர்க் குடிமக்கள், கிணற்றுக்காரர்கள். மேடையும் பூங்கொத்தும் இல்லாமல் இவர்கள் எல்லாருடைய உழைப்பும் ஒரே தீர்ப்பில் வந்து சேர்ந்தது. கூட்டாண்மை என்றால் நான் இதைச் சொல்வேன்.

அதற்குப் பிறகும் திண்டுக்கல் நிலத்தடி நீரைப் பற்றி எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. ஹைதராபாத்திலிருந்தெல்லாம் வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். கொடகனாற்றின் மேல்பகுதி உலக ஆய்விதழ்களில் பெயர்பெற்ற இடம். நல்லது. அவற்றில் ஒன்றையாவது இரண்டு பக்கத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசித்தார்கள் என்றால் நான் இந்தக் கட்டுரையை எடுத்துவிடுகிறேன். தகவல் தெரிந்தவர்கள் எழுதுங்கள், சந்தோஷமாகத் தோற்றுப்போகிறேன்.

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண் சௌந்தரம், இளம் வயதில் விதவையாகி, டெல்லியில் படித்து டாக்டரானவர். அவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் நடுவே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இதில் வரிசையைப் பாருங்கள். முதலில் வைத்தியமும் தொண்டும். ஒன்பது வருடம் கழித்து, 1956-இல்தான் கிராமிய உயர்கல்வி நிறுவனம். பல்கலைக்கழக அந்தஸ்து 1976-இல். கிராமத்துக்குள் போய் வேலை செய்து, அந்த வேலைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று தெரிந்துகொண்டு, பிறகு வகுப்பறை கட்டினார்கள். இன்று முதலில் கட்டடம், அப்புறம் தரச்சான்று, கடைசியில் "பக்கத்தில் ஏதாவது கிராமம் இருக்கிறதா?" என்று வரைபடத்தில் தேடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பணம் அங்கேயும் வந்தது. 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் சுகாதார முன்னோடித் திட்டம் நடத்தினார்கள். மத்திய அரசும் மாகாண அரசும் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனமும் துணை. 1964-இல் அதிலிருந்தே கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் உண்டாயிற்று. அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்று சொன்னால் கதவைச் சாத்துவார்கள். ஊரில் யார் சொன்னால் ஊர் கேட்கும் என்று கண்டுபிடித்து, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் மூலம் பேசவைத்தார்கள். அதற்கு வருடக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

பிரான்சில் அன்னெசி ஏரிக்கரையில் தலுவார் என்று ஒரு சின்ன ஊர். 1990-இல் பல நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் 22 பேர் அங்கே கூடி, சுற்றுச்சூழலைக் காப்பது எங்கள் கடமை என்று பத்து அம்சப் பிரகடனம் ஒன்று செய்தார்கள். கூட்டியவர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ழான் மேயர், பாரிஸில் பிறந்தவர். பின்னால் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டன. அழகான வாசகம். படித்துப் பார்த்தேன். காந்திகிராமத்துக்காரர்கள் அதற்கு நாற்பது வருடம் முன்பே தொடங்கிவிட்டார்கள். நாமோ நம் வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டு ஏரிக்கரையைப் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என்னை வெறும் குறைசொல்லி என்பீர்கள். 2018-இல் எங்கள் பக்கத்து மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு விழுந்தது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றுவிட்டு மரத்தூள் மாதிரி எச்சத்தை விட்டு வைக்கும். தாய் அந்து ஓரிரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது என்கிறார்கள். அந்த வருடம் மே மாதத்தில் கர்நாடகத்தில் சிவமொக்கா வேளாண் கல்லூரிக்காரர்கள்தான் இந்தியாவில் முதலில் அதைக் கண்டுபிடித்தார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டுமென்று முறை வகுத்தது. அவர்களுடைய மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் எங்கள் பக்கத்தில் வாகரையிலேயே இருக்கிறது. கோடையில் ஆழ உழு, கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்குப் போடு, வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ விதை, இனக்கவர்ச்சிப் பொறி வை. டீக்கடையில் பேசுகிற அளவுக்கு அந்தச் சேதி இறங்கி வந்தது. என் மாமன் மகன் அரைமனதாகச் செய்தான். அடுத்த போகத்தில் அவன் காட்டில் கொஞ்சம் தேவலை. புழு மாநில எல்லை பார்த்து வரவில்லை. விஞ்ஞானிகளும் எல்லை பார்க்கவில்லை. அதற்கு யாராவது பொன்னாடை போர்த்தினார்களா தெரியாது. சேதி வரப்பு வரை வந்தது, எனக்கு அது போதும்.

என் கோரிக்கை சின்னது. எந்தக் கல்லூரி எங்கள் ஊரை வைத்து எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டாலும், மூன்றாவது கையெழுத்து ஊராட்சித் தலைவருடையதாக இருக்கட்டும். கிராம சபைத் தீர்மான எண் அதில் இருக்கட்டும். எங்கள் கீரனூர் பேரூராட்சி, எங்களுக்குக் கிராம சபை கிடையாது, எங்களுக்கு வார்டுக் கூட்டமாவது இருக்கட்டும். எடுத்த கணக்கைத் தமிழில் எழுதி, எடுத்த இடத்திலேயே வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் சமர்ப்பிக்கட்டும். ஒரு வருடத்துக்கு ஒரு கல்லூரி, அடுத்த வருடம் இன்னொன்று என்று மாறி மாறி வந்து ஆடு மாடு எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒரே ஊரில் பத்து வருடம் இருக்கட்டும். ப.மு. போதும், நி.மு. கேட்கவில்லை. அந்த மதிப்பெண் படிவத்தைத் தயாரிக்கிறவர்கள், திருப்பிச் சொன்னாயா என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் மற்றதெல்லாம் தானே நடக்கும். மார்க் உள்ள இடத்துக்குப் பையன் வருவான்.

அந்தப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போன பெண்ணின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் லேபில் கொடுத்திருப்பாள். அல்லது கொடுக்க விட்டிருக்க மாட்டார்கள். இப்போது எங்கோ வேலையில் இருப்பாள்.

பதாகைப் படத்தைப் பார்த்த மூன்றாம் நாள் இரண்டு லிட்டர் கேன் ஒன்றை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு பெரியக்கா வீட்டுக்குப் போனேன். கிணற்றில் இறைத்து நிரப்பினேன். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் பழனி, அங்கிருந்து திண்டுக்கல். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு வந்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் கிணறு அந்த 2,000-த்தையும் தாண்டியிருக்கிறது. கடினத்தன்மையும் அதிகம். நல்லவேளையாக வேறு விஷம் எதுவும் காட்டவில்லை. கால்நடைக்கும் தென்னைக்கும் வைத்துக்கொள்ளலாம், சோறாக்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார்.

திண்ணையில் உட்கார்ந்து பெரியக்காவுக்கு வரிவரியாக வாசித்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "இதைத்தானே நான் அன்னைக்கே அந்தப் புள்ளைகிட்டக் குடிச்சுப் பாருன்னு சொன்னேன்" என்றார். பிறகு அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, ரேஷன் அட்டை வைக்கிற பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு: "தங்கள் மாணவர்கள் எடுத்துச் சென்ற தண்ணீரின் பரிசோதனை முடிவு, தங்கள் கோப்பில் வைத்துக்கொள்ள இணைத்து அனுப்பப்படுகிறது." ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை.